ஒரே வீட்டில் இரண்டு எஸ். பத்மநாபன்

கடன் அறிக்கையில் தப்பு திருத்தும் வேலைக்குக் கோபம் உதவாது, ரசீதுதான் உதவும். "சிபில் ஸ்கோர் இல்லையே சார்" என்ற பதிலைக் கேட்டுத் தலைகுனிந்து வங்கிப் படி இறங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நானும் இறங்கியவன்தான்.

கற்றுக்கொண்டது

ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு மிளகாய் மண்டியில் கணக்கெழுதினேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. மனைவி இறந்ததும் எங்கள் இருவர் பெயரிலும் இருந்த கடனை அடைத்தேன். அறிக்கையில் மட்டும் அது அடையாமலே கிடந்தது. அவள் பெயர் பாக்கியோடு நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு விதிகளைப் படித்தேன். துணிப்பையில் அவள் சேர்த்து வைத்திருந்த தவணை ரசீதுகளை இணைத்து எழுதினேன். நான்காவது கடிதத்துக்குத் திருத்தினார்கள். அந்த வங்கி மேலாளர் கேட்டார்: "சார் எந்த பேங்கில இருந்து ரிட்டயர் ஆனது?"

தாத்தா பெயர்

பிறகு ஆட்கள் தேடி வந்தார்கள். ஸ்ரீவராகம் பகுதியில் இருக்கும் பத்மநாபனின் மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். கல்விக்கடன் கேட்டால், அவர் வாங்கவே வாங்காத பைக் கடன் பாக்கி என்று வங்கி மறுத்தது.

நான் முதலில் கேட்டது, "உங்க தாத்தா பேர் என்ன?" நினைத்தது சரி, தாத்தாவும் பத்மநாபன்தான். அந்த வீட்டில் மகன்கள் எல்லோரும் தங்கள் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரையே வைப்பார்கள். இவர் அப்பா சுப்பிரமணியன், சித்தப்பா சங்கரன். ஆக, ஒரே முகவரியில் இரண்டு எஸ். பத்மநாபன். சித்தப்பா மகன் வாங்கிய கடனை, பைக் கடன் கொடுத்த வங்கியில் யாரோ இவர் பான் எண்ணில் ஏற்றிவிட்டார்கள். அந்தத் தம்பியை அழைத்து வரச் சொன்னேன். "அவனோட பேச்சு நின்னு ஆறு வருஷமாச்சு அண்ணாச்சி. நடுச்சுவர் மட்டும்தான் பொது."

நேரில்

அந்த வங்கியில் எழுதிக் கொடுத்தோம். 'விவரம் சரியே' என்று பதில் வந்தது. அங்கிருந்த மலையாளி மேலாளர் கையை விரித்தார்: "ஒரே பேரு, ஒரே வீடு. ஒரே ஆளு தன்னே அல்லே?"

காகிதம் தோற்றால் ஆளைத்தான் நிறுத்த வேண்டும். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் போய், தம்பியிடம் அந்தப் பெண்ணின் சேர்க்கைக் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பைக்கின் ஆர்.சி. புத்தகத்தோடு வங்கிக்கு வந்துவிட்டார். அண்ணன் பக்கத்தில் போய் நின்று மேலாளரிடம் சொன்னார்: "தாத்தா பேரு ரெண்டு பேருக்கும் உண்டு சாரே. கடன் எனக்கு மட்டும்தான்."

அந்தப் பெண் இப்போது இரண்டாம் வருடம். இத்தனை காலத்தில் எத்தனையோ பேர் தலையிலிருந்து கடனை இறக்கி வைத்திருக்கிறேன். வங்கிக்கே வந்து கடனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் அந்தத் தம்பி ஒருவர்தான்.