காட்டில் புல் வெட்டியவள்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலா சிலாங்கூருக்குப் பக்கத்தில் ஒரு காட்டு முகாமுக்குப் பள்ளியில் எங்களை மூன்று நாள் அழைத்துப் போனார்கள். எனக்குப் பதினைந்து வயது. "பொம்பளப் புள்ளைக்குக் காட்டுல என்னா வேல?" என்று அப்பா ஒரேயடியாக மறுத்தார். அம்மாதான் எனக்காக மல்லுக்கு நின்றார். கடைசியில் அப்பா இறங்கி வந்தார்.

"போவட்டும். ஆனா ஒரு புகார் வந்துச்சு, அப்புறம் இவ இந்தத் தோட்டத்து லயத்து வீட்ட விட்டு எங்கயும் போவ முடியாது."

முகாமில் எங்கள் கூடாரத்தைச் சுற்றிப் பார்த்ததுமே எனக்குக் கை அரித்தது. மரத்தடி முழுக்கப் புதர், கொடி, முழங்கால் உயரச் செடி. சீ, இப்படியுமா போட்டுவைப்பார்கள்! அம்மாவுக்குத் தோட்டத்தில் புல்வெட்டு வேலை. ஒவ்வொரு செம்பனை மரத்தடியிலும் வட்டமாக, ஒரு புல் இல்லாமல் வெட்டவேண்டும்; இல்லையென்றால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாயில் விழவேண்டும். லீவு நாளில் நானும் போய் வெட்டுவேன். அப்படி வளர்ந்தவள் சும்மா இருப்பேனா? மறுநாள் எல்லாரும் பசியாறப் போன நேரத்தில், சமையல் கொட்டகையிலிருந்த பாராங் கத்தியை எடுத்துவந்து நாலு மரத்தடியைப் பளிச்சென்று ஆக்கிவிட்டேன். பாராட்டுவார்கள் என்று வேறு காத்து நின்றேன்.

முகாம் பொறுப்பாளர் ஒரு மலாய்க்காரர். வந்து பார்த்தவர் தலையில் கை வைத்துவிட்டார். நான் வெட்டியது பெரிய மரங்களின் விதை விழுந்து முளைத்த கன்றுகளாம். "இங்கே எதையும் வெட்டாமல் காப்பாற்றுகிறோம். அதைப் பார்க்கத்தானே வந்தாய்?" என்றார் மலாயில். அப்பாவுக்குக் கடிதம் போகப்போகிறது, என் கதை முடிந்தது! ஓவென்று அழுதேன். அம்மாவின் வேலை, வட்டம், மண்டோர் எல்லாவற்றையும் அழுகையோடு கொட்டினேன்.

அவர் என் வட்டங்களை ஒருமுறை சுற்றி வந்தார். பாவி மனிதர், சிரித்துவிட்டார்! கடிதம் வேண்டாம், இனிக் கத்தியைத் தொடாமல் இருந்தால் போதும் என்றார். தோழிகள் விடுவார்களா? "மண்டோரம்மா, தட்டுல கீரை மொளச்சிருக்கு, வெட்டுலா!" என்று கூத்தடித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான். மீதி நாளெல்லாம் குரங்குகளை அண்ணாந்து பார்த்தபடி மரத்தடியில் கிடந்தேன். அவ்வளவு சுகமாக அதுவரை நான் இருந்ததே இல்லை.

வீடு திரும்பியதும் அப்பாவிடம் குரங்குக் கதையோடு நிறுத்திக்கொண்டேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன்.

"அங்க யாருமே புல்லு வெட்ட வேணாமா?" என்று கேட்டார்.

"வேணாம்மா. வெட்டுனாத்தான் திட்டு."

அம்மா விரலிடுக்கில் இருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னையும் ஒரு நாளு கூட்டிட்டுப் போ. சும்மா ஒக்காந்துட்டு வரேன்."