திவ்யலட்சுமி தின்ற பழம்

எங்கள் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். என் வாழ்க்கை சாலைக் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாளத்து ஊருக்கு வந்து மூட்டை சுமந்து, இன்று மொத்த அரிசிக்கடை வைத்திருக்கிறேன். முழுக்க எழுதினால் மலரில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. அதனால் என் பேத்தி திவ்யலட்சுமியைப் பற்றி எழுதுகிறேன். ஆறு வயசுக்காரிக்கு என்ன வரலாறு என்று கேட்கலாம். அவள் பார்த்த டாக்டர்களில் பாதியைக்கூட நான் எழுபது வயசில் பார்த்ததில்லை.

பிறந்ததிலிருந்தே அவள் உடம்பு வளையும். கட்டைவிரலை மடக்கி மணிக்கட்டில் ஒட்டுவாள். முழங்கால் பின்பக்கமாகச் சாயும். லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போகும். உடம்பைக் கட்டிவைக்கிற நாரே இளக்கமாம். பரம்பரையாக வருவதாம். அந்த வியாதிக்கு இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயர். அவர்கள் என்னை முதலில் பார்த்திருந்தால் என் பெயரைத்தான் வைத்திருப்பார்கள். "குடும்பத்துல வேற யாருக்கும் இப்படி வளையுமா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, கரமனையிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாள் வாய் திறக்கும் முன்னே என் கட்டைவிரலை மடக்கிக் காட்டினேன்.

"இது எங்க சொத்தாக்கும்," என்றேன். மூட்டை தூக்கி வளர்ந்த வம்சத்துக்கு மூட்டில்தான் வியாதி வரும். அதில் எனக்குக் குறைச்சல் ஒன்றுமில்லை.

போன ஓணம் கழிந்து அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள். காலைத் தொட்டால் அலறினாள். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. தொடையெல்லாம் கறுநீலத் திட்டுகள். வியாதி முற்றிவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். என் மகன் ஸ்ரீகுமார் சக்கர நாற்காலி பார்த்துவிட்டு வந்தான்.

"தாத்தா, அதுல பெல்லு உண்டா?" என்று கேட்டாள்.

"பெல்லு என்ன பிள்ளே, லாரி ஹாரனே வச்சுத் தாரேன்."

சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். அரிசியை முகர்ந்தே பழசா புதுசா என்று சொல்கிற மூக்கு என்னுடையது. அன்றைக்கு அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

டாக்டர் விஜய்குமாரைக் கண்டுபிடித்தது நான்தான். நம்ம திருநெல்வேலிக்காரர். முந்தைய டாக்டர்கள் மூட்டைப் பற்றியே கேட்டார்கள். இவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், அதுவும் தமிழில். பதில் சொன்னது என் மருமகள் சுஜா. அவள் இங்கேயே பிறந்து மலையாளத்தில் படித்தவள்.

"பிள்ள என்னம்மா சாப்பிடுது?"

"தயிர்ச்சோறு, இட்லி. நிறமுள்ளது ஒண்ணும் தொடமாட்டா டாக்டர். சாம்பார் ஒரு துளி பட்டாப் போதும், தட்டு பறக்கும்."

"பழமாவது சாப்பிடுதா?"

"அதுக்கு ஒரு குறையும் இல்ல. காலையிலயும் பழம், ராத்திரியும் பழம்."

"அப்ப சரி," என்று முழங்கால் பட்டைக்கு எழுத ஆரம்பித்தார். பசிக்கிறது என்று திவ்யா சிணுங்கினாள். சுஜா டப்பாவைத் திறந்தாள். டாக்டரின் பேனா நின்றது.

"இது என்னது?"

"பழம், டாக்டர்."

"பழம்னா?"

"ஏத்தம்பழம். இவளுக்கு ஈறு நோவுமே, அதனால குழையக் குழைய வேவிச்சது. மஞ்சள்ல இது ஒண்ணுதான் தொடுவா."

"ஆரஞ்சு, கொய்யா, பப்பாளி?"

"அய்யோ, அது ஃப்ரூட்ஸ் அல்லே! நீங்க பழம்னுதானே கேட்டீங்க?"

ஏத்தம்பழம் என்பது நேந்திரம் வாழை. இந்த ஊரில் வெறுமனே பழம் என்றால் வாழைப்பழம்தான். மற்றதெல்லாம் ஃப்ரூட்ஸ். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, பிள்ளையின் ஈறை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வைட்டமின் சி இல்லம்மா. வாழைப்பழத்துல அது கொஞ்சம்தான், வேக வச்சா அதுவும் போயிரும். ஸ்கர்வி மாதிரி இருக்கு. அந்தக் காலத்துல மாசக்கணக்கா கப்பல்ல கிடந்தவங்களுக்கு வரும்."

"எங்க குடும்பத்துல கப்பல் ஏறினவன் யாரும் இல்ல டாக்டர். லாரிதான்," என்றேன்.

"அய்யா, நார் உறுதியாகணும்னா வைட்டமின் சி வேணும். இவளுக்கு நாரே இளக்கம். அதுக்கு மேல இதுவும் இல்லன்னா?"

"சாக்கும் நைஞ்சது, தைக்கச் சணலும் இல்ல."

"அதேதான்!" என்றார். மற்ற நோயாளிகளிடமும் இப்போது இதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். ரத்தத்தைச் சோதித்ததில் அவர் சொன்னதே சரி என்று வந்தது.

மருந்து கொடுத்தார். பழங்களும் தின்னவேண்டும் என்றார். ஆரஞ்சைக் கண்டதும் திவ்யா போர்வைக்குள் போய்விட்டாள். பப்பாளி ஜன்னல் வழியாகப் போனது. கடைசியில் நன்றாகக் கனிந்த கொய்யாவின் தோலைச் சீவி, விதையை எடுத்து, சதையை மட்டும் நீட்டினாள் சுஜா. உள்ளே சுத்த வெள்ளை. பிள்ளை சந்தேகமாகப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். யோசனை சுஜாவுடையது என்று வீட்டில் சொல்கிறார்கள். கொய்யா வாங்கி வந்தது யார் என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் ரத்தம் நின்றது. பிறகு சுவரைப் பிடித்து நின்றாள். கொஞ்ச நாளில் சுவரையும் விட்டாள். நாற்காலிக்கு ஸ்ரீகுமார் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஹாரன் போச்சே என்று அவளுக்கு என்மேல் கோபம். கட்டைவிரல் இன்னும் வளைகிறது. அது சொத்து, எங்கே போகும்? முழங்கால் பட்டையும் உண்டு, ஜாக்கிரதையும் உண்டு.

அடுத்த முறை டாக்டர் அறைக்குள் என் கையை உதறிவிட்டுத் தானே நடந்து போனாள். டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன பிள்ள, பழம் சாப்பிடுதியா?"

திவ்யா அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"தமிழ்ப் பழமா, மலையாளப் பழமா?"