டிஸ்கோ பத்திரிகைக்கு வாசகர் தேடிய வாரம்

கேசட் ஓடிய அந்த வருடங்களில் தருமபுரியில் என்னைவிட முட்டாள் இருந்திருக்க வாய்ப்பில்லை. வயசுப் பிள்ளைகளுக்கென்று பாட்டுப் பத்திரிகை ஆரம்பித்தவன், அவர்களில் ஒருவரிடம்கூட என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்குப் பிடித்தால் ஊருக்கே பிடிக்கும் என்பது என் கணக்கு. எனக்கோ அப்போதே முன்தலை காலியாகத் தொடங்கியிருந்தது.

முக்கால்வாசிப் பக்கம் என் கட்டுரைகள். கிடாரைத் தொட்டுக்கூடப் பார்க்காத நான் மேல்நாட்டு டிஸ்கோவைப் பற்றி எழுதித் தள்ளியிருந்தேன். நடுப்பக்கத்தில் முடியைச் சிலுப்பிய ஒரு பாடகனின் படம். கடைசியில் மிஞ்சிய இடத்துக்கு, கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, இங்கிலீஷ் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் போட்டேன்.

இரண்டு இதழ் வந்ததும் அச்சகக்காரர் முரண்டு பிடித்தார்.

“இதை யாருப்பா படிக்கிறாங்க?”

“இளைஞர்கள்ங்க.”

“எந்த இளைஞரு? ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆளைக் காட்டு, மூணாவது புக்குக்கு அச்செழுத்துக் கோக்கறேன். இல்லேன்னா இதோட சரி. எனக்குக் கல்யாண நோட்டீஸ் வேலை கெடக்குது.”

அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சோறு முன்னால் இருக்கும், கால் ஆடிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் யார் கையிலாவது மடித்த தாள் தெரிந்தால் எட்டிப் பார்ப்பேன். ஒரு பெரியவர் என்னைப் பிக்பாக்கெட் என்று நினைத்து காசு செருகிய வேட்டி மடிப்பை இறுக்கிக்கொண்டார்.

பாப்பிரெட்டிப்பட்டி சலூன் ஒன்றில் என் பத்திரிகை இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். இருந்தது, நடுப்பக்கம் மட்டும், கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியபடி.

“படிச்சீங்களாப்பா?” என்று முடிவெட்டக் காத்திருந்த பையன்களைக் கேட்டேன்.

“என்னத்தைங்க படிக்கிறது? இந்த மாதிரி வெட்டுன்னு காட்டறதுக்குத்தான் படம் இருக்குதே.”

சலூன்காரர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு அந்த வெட்டு வராதுங்க” என்றார். நான் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை, தருமபுரி பஸ் ஸ்டாண்டு எதிரில் என் பத்திரிகையை விற்றுத் தந்த கடைக்காரரைப் பிடித்தேன். யார்தான் வாங்குகிறார்கள் என்று கேட்டேன்.

“பொம்பளப் புள்ளைங்கதான். மேல டைப் அடிக்கப் போவுதுங்களே, அதுங்க” என்று மாடியைக் காட்டினார்.

பெண்கள்! என் கணக்கில் அவர்கள் வரவே இல்லை. படிகளைத் தாவி ஏறினேன்.

டைப்ரைட்டிங் மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தார். பிள்ளைகள் பயிற்சிப் பாடத்தை ஓரம் தள்ளிவிட்டு, தமிழ் மெஷின்களில் என் கடைசிப் பக்கத்துப் பாட்டுகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். கார்பன் தாள் வைத்து, வாங்காதவர்களுக்கும் சேர்த்து நகல். வாய் மெட்டை முணுமுணுக்க, மெஷின் சத்தமே டிரம்ஸாக ஓடியது. நான் விற்ற ஒரு புத்தகத்துக்கு ஒரு வகுப்பே வாசகர்! என் கட்டுரைகள் எங்கே என்று கண்ணால் துழாவினேன். நாலாக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்திருந்தார்கள்.

போகட்டும், அச்சகக்காரருக்குக் காட்ட ஆள் கிடைத்துவிட்டது. ஓரத்து மெஷினில் இருந்த பெண்ணிடம் நான்தான் ஆசிரியர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி, “மூணாவது புக்குல புதுசா என்னம்மா சேர்க்கலாம்?” என்று கேட்டேன்.

அவள் அடிப்பதை நிறுத்தவில்லை.

“நீங்க எழுதறதை எடுத்துட்டு அங்கயும் பாட்டே போடுங்கண்ணா.”