சுவரைப் பார்த்து நின்ற பெட்டிகள்

பதினோரு ஸ்டார்ட்டர் பெட்டிகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. திண்டிவனத்தில் எங்கள் கம்பெனியின் பட்டறைக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது அதுதான். விவசாயி வீட்டிலிருந்தபடியே செல்போனில் பம்புசெட்டைப் போடவும் நிறுத்தவும் நாங்கள் செய்து விற்கும் பெட்டிகள் அவை. மற்றதெல்லாம் முகம் தெரிய அடுக்கியிருக்க, இந்தப் பதினொன்று மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. நான் எண்ணுவதைச் சோதனைப் பிரிவு இன்ஜினியர் பார்த்துவிட்டார். "இன்னா மேடம், வந்ததும் வராததுமா தலை எண்ணிக்கினு இருக்கீங்க? ரேஷன் கார்டுல சேக்கப் போறீங்களா?" என்றார். பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இந்த ஆள் பெட்டி திருடுகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் விழுப்புரத்தில் பஸ் ஏறியிருந்தேன்.

விழுப்புரம் ஆபீஸில் மென்பொருள் எழுதுவது என் வேலை. எங்கள் இன்ஜினியர்களின் உள்வேலைக்கென்று நான்கு கருவிகள் இருந்தன. பெட்டியைச் சோதிக்க ஒன்று, ஸ்டாக் பார்க்க ஒன்று, புகார் பதிய ஒன்று, விற்ற பெட்டிகளுக்குப் புது மென்பொருள் அனுப்ப ஒன்று. நான்கையும் நான்கு பேர் நான்கு சமயத்தில் எழுதியது. சோதனைக் கருவி நான் எழுதியது. ஒன்று தேதியை முன்னால் போடும், இன்னொன்று மாதத்தை. ஒன்று தப்பு நடந்தால் சிவப்பில் கத்தும், இன்னொன்று 'சரி' என்று சொல்லிவிட்டு உள்ளே செத்துக் கிடக்கும். இவற்றை ஒன்றோடொன்று பேச வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே வாசல், ஒரே மாதிரிக் கேள்வி, ஒரே மாதிரிப் பதில், உள்ளே வந்தது யார் என்ற பதிவு. இப்படி ஒரு பொது ஏபிஐ அமைப்பை உருவாக்கச் சொல்லி மேனேஜர் என்னிடம் கொடுத்தார்.

அதற்காகப் பழைய பதிவுகளைக் கிளறியபோதுதான் பிடித்தேன். என் கருவி 'தேறியது' என்று எழுதிய சில பெட்டிகளை, நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு சின்ன நிரல் 'நிறுத்தி வை' என்று மாற்றிக்கொண்டிருந்தது. அது திண்டிவனத்து இன்ஜினியரின் பெயரில் ஓடியது. காரணம் எதுவும் எழுதப்படவில்லை. அந்தப் பெட்டிகளில் பல சில நாள் கழித்து மறுபடி 'தேறியது' ஆயின. சில, பதிவிலிருந்தே காணாமல் போயின. தேறிய பெட்டியை ஒருவர் எதற்காக நிறுத்தி வைப்பார்? வெளியே தெரிந்த எலக்ட்ரீஷியனுக்குத் தள்ளிவிடத்தான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் எனக்குக் கிடையாது, அதை அறிவு என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இவை மட்டும் திரும்பி நிற்கின்றன என்று அவரிடமே கேட்டேன். "அதுங்க பரீட்ச எழுதாமலே பாஸான பசங்க மேடம். நான் கையால எழுத வெச்சிக்கினு இருக்கேன்" என்றார். என் கருவியைக் கிண்டல் செய்கிறார் என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது. பொது வாசல் வந்துவிட்டால் நடுவில் யாரும் எதையும் மாற்ற முடியாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் கேட்டார்: "எல்லாம் சரி மேடம். இங்கேர்ந்து பதிலே வரலன்னா உங்க வாசல் இன்னா பண்ணும்?"

"அது என் வேலை சார். நீங்க நடுவுல கைவைக்காம இருந்தா போதும்."

சாயங்காலம் அவர் கிளம்பும்போது கைப்பை கனமாக இருந்ததைக் கவனித்தேன். நான் பார்ப்பது தெரிந்து பையைத் திறந்து காட்டினார். அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான். "எடுத்துக்கோங்க, பஸ்ல பொழுது போகும்" என்று நீட்டினார். லஞ்சம் என்று நினைத்து வாங்காமல் வந்தேன்.

அந்த வாரமே மேனேஜருக்கும், அவருக்கு மேலே இருந்த இரண்டு பேருக்கும் கடிதம் அனுப்பினேன். பெட்டி எண்களைப் பட்டியல் போட்டு, அந்த இன்ஜினியர் பெயரையும் எழுதி, 'திருட்டு' என்ற சொல்லையும் போட்டேன். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் சோதனைப் பிரிவிலிருந்து தூக்கி, ஊர் ஊராய்ப் போய்ப் பெட்டி ரிப்பேர் பார்க்கும் வேலைக்கு அனுப்பினார்கள். பொது அமைப்பு ஓடத் தொடங்கியது. அவருடைய நிரலை நானே அழித்தேன். ஆபீஸில் கைதட்டினார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். அவரிடமிருந்து போன். "மேடம், கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு கொல்லையில நிக்கிறேன். மோட்டார் கருகிப்போச்சு, நம்ம பெட்டி கட் பண்ணவே இல்ல. பெட்டி மேலயும் கரண்ட் வந்திருக்கு. பெட்டியத் தொட்ட கொல்லைக்காரம்மாவத் தூக்கிப் போட்டிருக்கு, ஏதோ பொழச்சிக்கிச்சு. நம்பர் சொல்றேன், ஜல்தி பாருங்க."

பார்த்தேன். 'தேறியது' என்று இருந்தது. சோதனை நடந்ததாகப் பதிவு சொன்ன நேரத்தில் திண்டிவனத்தில் கரண்டே இல்லை என்று விசாரித்ததில் தெரிந்தது. என் கருவி, பட்டறையில் பெட்டியை மாட்டிச் சோதிக்கும் மேடையிடம் குறைகளின் பட்டியலைக் கேட்கும். பட்டியல் காலியாக வந்தால் 'தேறியது' என்று எழுதும். மேடை பதிலே சொல்லாவிட்டாலும் பட்டியல் காலிதான். நான் எழுதியது அப்படி. அதே வரிகளை அப்படியே பொது அமைப்புக்குள்ளும் கொண்டுவந்திருந்தேன். பழைய மெயிலைத் தேடினேன். மூன்று வருடத்துக்கு முன்பே, கரண்ட் போனால் எல்லாப் பெட்டியும் தேறிவிடுகிறது, கொஞ்சம் பாருங்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். உங்கள் பக்கத்து யுபிஎஸ்ஸைச் சரிபண்ணுங்கள் என்று நான் ஒற்றை வரியில் பதில் போட்டிருக்கிறேன். அதன்பிறகு அவர் என்னிடம் கேட்கவில்லை. தானே ஒரு தடுப்புப் போட்டு, அந்தப் பெட்டிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொன்றையும் கையால் சோதித்திருக்கிறார். பதிவில் காணாமல் போனவை, கையால் சோதித்தபோது தேறாமல் உதிரிப் பாகத்துக்குப் பிரிக்கப்பட்டவை.

அந்த வரிகளைத் திருத்திவிட்டு மேனேஜரிடம் போனேன். "சரிபண்ணிட்டே இல்ல? விடும்மா. அந்தாளும் வாயத் தொறக்காமதானே இருந்தான்."

"சொன்னாரு சார். நான்தான் காதுல வாங்கல."

"இத பெருசாக்காத. எல்லாருக்கும் பேஜாரு."

அவரைத் தூக்குவதற்கு அத்தனை அவசரம் காட்டியவர் இப்போது ஏன் இத்தனை நிதானமாகப் பேசுகிறார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. என் கடிதத்துக்காகவே காத்திருந்தாரோ என்னவோ. முதல் கடிதம் யாருக்கெல்லாம் போனதோ அவர்களுக்கெல்லாம் இரண்டாவது கடிதம் அனுப்பினேன். தப்பு என்னுடையது, அவர் திருடவில்லை என்று எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. அவருடைய இடத்தில் அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார்.

பதில் வராமலே தேறி, வயல்களுக்குப் போய்விட்ட பெட்டிகளைப் பட்டியல் எடுத்தேன். அவற்றைத் தேடிப்போய்க் கழற்றும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும் மேடம். அந்த லெட்டர்ல என்னப் பத்தி இன்னா எழுதியிருந்தீங்க? அத மட்டும் படிங்க" என்றார். படித்தேன். எதையும் விடவில்லை, அந்தச் சொல்லையும் விடவில்லை. படித்து முடித்தபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் லைன் கட்டானது. அவர் வைத்தாரா, டவர் போனதா, தெரியாது.

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். "மேடம், முகையூர்ல இருக்கேன். ஒண்ணு கழட்டியாச்சு, நம்பர் எழுதிக்கோங்க." எழுதிக்கொண்டேன். பட்டியலில் கடைசிப் பெட்டி வரைக்கும் அப்படியே கூப்பிட்டார், ஒரு நாளும் குரல் கடுக்கவில்லை. இப்போதும் வாரத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது பெட்டி விஷயமாகப் பேசுகிறோம். நான் குடியிருக்கும் வளவனூர்ப் பக்கம் மழையா என்றுகூடக் கேட்பார். அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அவர் எப்போதோ மன்னித்துவிட்டார் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததை நானாக எழுதிக்கொள்ள மாட்டேன்.