என் கம்ப்யூட்டருக்குக் கார்டு எடுக்கப் போனோம்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வீட்டில் எனக்கே எனக்கென்று இருப்பது ஒரு கம்ப்யூட்டர்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், பாகம் பாகமாகத் தேடி வாங்கி நானே பூட்டியது. சாயங்காலம் விடைத்தாள் திருத்தி முடித்ததும் அதில் கார் பந்தயம் ஓட்டுவேன். டீச்சருக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

போன கோடையில் புதிதாக ஒரு பந்தய விளையாட்டு வாங்கினேன். திரைக்குப் படம் அனுப்புகிற பழைய கிராபிக்ஸ் கார்டு திணறியது. வளைவில் கார் திரும்பும்போது படம் நின்று நின்று வந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து, தையல் டேப் வைத்து உள்நீளத்தை அளந்தேன். பவர் சப்ளை எவ்வளவு தாங்கும், கார்டுக்குக் கொடுக்க அதில் எத்தனை ஒயர் இருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். ரொம்பப் பெரிய கார்டு போட்டால் என் பழைய பிராசஸர் அதற்கு ஈடுகொடுக்காது. நடுத்தரமான ஒன்று போதும் என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குக் கிளம்பினேன். "நானும் வாரேன்" என்று என் கணவரும் வந்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடைக்காரர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்து, "சொல்லுங்க அண்ணாச்சி, பையனுக்கா?" என்றார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை.

"எனக்கு" என்றேன். "கேம் வெளையாட."

"எந்த மாதிரி கார்டு வேணும்னு சொல்லுதாவ?" என்று அவர் மறுபடியும் என் கணவரிடமே கேட்டார். நான் ஏதோ வேறு ஊரில் இருப்பது போல.

கிராபிக்ஸ் கார்டைக் கையில் கொடுத்தால் எது முன்பக்கம் என்று என் கணவருக்குத் தெரியாது. ஆனாலும், "நல்லதா ஒண்ணு காட்டுங்க" என்றார். என் நோட்டு என் கையிலேயே இருந்தது.

மூன்று விசிறி வைத்த ஒரு பெரிய கார்டு மேஜைக்கு வந்தது. "கைமாறினதுதான். ஆனா புதுசு மாதிரி. ரெண்டு மாசம்தான் ஓடியிருக்கு."

திருப்பிப் பார்த்தேன். திருகாணித் தலைகளெல்லாம் தேய்ந்திருந்தன. தகடுகளுக்கு நடுவே எண்ணெய்ப் பிசுக்கு. டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பதற்காகச் சிலர் இப்படிப்பட்ட கார்டுகளை மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு, சத்து போனதும் விற்றுவிடுவார்கள்.

"இது மைனிங்ல ஓடின கார்டு" என்றேன். "மாட்டி ஓட்டிக் காட்டுங்க."

"ஓட்டிக் காட்டுத பழக்கம் நம்ம கடையில கெடையாது."

"ஓட்டிப் பாக்காம வாங்குத பழக்கம் எனக்கும் கெடையாது."

என் கணவர் முழங்கையைத் தொட்டார். "விடுட்டி. அவரு பொய்யா சொல்லுதாரு?"

கடைக்காரர் மேல் இருந்த கோபம் அந்த நிமிஷத்தில் என் கணவர் பக்கம் திரும்பியது. நான் நகரவில்லை. கடையில் இருந்த மற்ற இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். கடைக்காரர் கார்டைத் தன் கம்ப்யூட்டரில் வெடுக்கென்று செருகினார். பத்து நிமிஷம் ஓடியது. பிறகு திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் வந்தன.

"வெயில் காலம்லா, சூடு ஏறத்தான் செய்யும்" என்றார். தலைக்கு மேல் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

நோட்டில் எழுதியிருந்த சின்னக் கார்டையே, சீல் உடைக்காத பெட்டியாகக் கேட்டு வாங்கினேன். பில் போடும்போது அவர் என் கணவரிடம், "மதர்போர்டு பழசுன்னா பயாஸ மாத்தணும் அண்ணாச்சி. இல்லன்னா படம் வராது. இங்கன கொண்டாந்தா செஞ்சு தாரேன்" என்றார். பயாஸ் என்பது கம்ப்யூட்டர் கண் திறந்ததும் முதலில் ஓடுகிற நிரல். திரும்பவும் கடைக்கு இழுக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். "எங்களுக்குத் தெரியும்" என்று பில்லை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் மாட்டினேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. ஞாயிறு முழுக்கக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். திங்கள் சாயங்காலமும் அதே கதை.

"கடைக்காரரு சொன்னாருல்லா?" என்றார் என் கணவர், வாசற்படியில் நின்றபடி.

"ஒங்களக் கேட்டனா?"

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால், திரையில் படம் தெரிகிறது. எனக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோய், பயாஸை மாற்றி வாங்கி வந்திருக்கிறார். முகத்தில் அப்படியொரு பெருமை.

"நல்ல மனுசன். ஒன்னயப் பத்தி ரொம்ப வெவரமான பொம்பளன்னு சொன்னாரு."

"யார்ட்ட சொன்னாரு?"

"எங்கிட்டதான்."

"என் பொருள எடுத்துட்டுப் போவதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"வேல முடிஞ்சுட்டுல்லா. இன்னும் என்னத்துக்கு மொறைக்க?"

பயாஸ் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது சரி. நான் தவறு. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் என்னிடம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்றும் யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. ஆனால் அவர் என்னிடம் சொல்லவே இல்லை. என் கணவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. ஆறு நாள் நான் இவரோடு பேசவில்லை. அந்த ஆறு நாளும் கார் ஓட்டினேன். மழை பெய்கிற சாலையில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. நான் தேர்ந்தெடுத்த கார்டு சரியான கார்டுதான்.

அதற்கு அடுத்து வந்த சனிக்கிழமை பேட்டையில் ஒரு பட்டறைக்குக் கேபினெட்டைக் கொண்டுபோய், பூட்டு மாட்ட இரும்பு வளையம் வைத்து வாங்கி, வீட்டில் சங்கிலியால் மேஜையோடு சேர்த்துப் பூட்டினேன். இவர் அந்தப் பூட்டைப் பார்த்தார். சாவி என் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது.