நான் இடித்த வீடு

வாடகை வீடுகளில் அலுத்துப்போய், நானும் என் மனைவியும் சொந்த வீடு தேடிக்கொண்டிருந்தோம். திருச்செங்கோடு பக்கம், இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் கட்டிய ஒரு பழைய வீடு எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் வந்தது. கணவரை இழந்த சரசு அக்கா அதில் தனியாக இருந்தார்.

நான் கூட்டிப்போன கொத்தனார் சுவர்களையும் உத்தரத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்லாட்டம் இருக்குதுங்க, தைரியமா வாங்குங்க" என்று என் காதருகே சொன்னார். எனக்கோ விலையை இன்னும் குறைக்க ஆசை.

"உத்தரம் உளுத்துப்போச்சுங்க அக்கா. ஒரு பெருமழைக்குத் தாங்காது" என்றேன்.

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "நெசமாத்தானுங்களா?"

"ஆமாங்க."

பத்து நாள் கழித்து, குறைந்த விலைக்குப் பேசி முடித்துவிடலாம் என்று முன்பணத்தோடு போனேன். வீடு இருந்த இடத்தில் செங்கல்லும் மண்ணும் குவிந்து கிடந்தன. அக்கா மாட்டுக் கொட்டகையில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சொன்னதுல இருந்து உள்ள படுக்கவே பயமாப் போச்சுங்க. யாருக்கு வித்தாலும் அவங்க புள்ளைகுட்டி மேலதானுங்களே ஊடு உழுகும்? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்னு பொக்லைன் வெச்சு இடிச்சுப்போட்டேன். நல்லவேளை, நீங்க சொன்னீங்க சாமி."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நல்ல காரியம் பண்ணீங்க அக்கா" என்றுதான் வந்தது.

இன்னமும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். மனைவி எந்த வீட்டைக் காட்டினாலும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து, "வாங்க" என்று முகம் மலர்ந்து கூப்பிடும்போது எனக்குக் கால் எழுவதில்லை.