இல்லாத பதினெட்டுக் குதிரை

பட்டறைக்காரர்கள் அவரை 'மீட்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் ஏதாவது ஓர் அளவுதான் வந்து விழும் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். டீசல் பம்ப் சரிபார்க்கும் இடத்தில் இருபது வருடம் ஓட்டியவர். அதை இழுத்து மூடிய பிறகு ஏழு மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவியின் அண்ணன் அவரைத் தன் வண்டி அலங்காரக் கடைக்கு அழைத்துக்கொண்டார். பிக்கப் வண்டியின் சக்கரங்களை உருளைகள்மேல் ஏற்றி ஓடவிட்டு, இன்ஜினின் சக்தியை அளக்கும் மெஷின் ஒன்றை மச்சான் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொள்வது மீட்டரின் வேலை.

கடையில் பிய்த்துக்கொண்டு போன சரக்கு ஒன்றுதான். வண்டியோடு வரும் கறுப்பு ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு மாட்டும் பளபளப்பான அலுமினியக் குழாயும், அதன் நுனியில் கூம்பு மாதிரி ஒரு சிவப்பு ஃபில்டரும். மாட்டியதும் ஆக்சிலேட்டரை மிதித்தால் டர்போ உஸ்ஸென்று சீறும். அதைக் கேட்டு வண்டிக்காரர்கள் பூரித்துப்போய் நிற்பதைப் பார்க்கவே மீட்டருக்குக் குமட்டியது.

முதல் வாரம் ஒழுங்காக அளந்தார். அதே வண்டி, அதே சூடு, அதே ஃபேன். குழாய் மாட்டியபின் கூடியது இரண்டே இரண்டு குதிரைத்திறன். ஒரே வண்டியைச் சும்மா இரண்டு தடவை ஓட்டினாலே மெஷின் அந்த அளவு முன்னே பின்னே காட்டும்.

தாளோடு மச்சானிடம் போனார். "மச்சான், இதுல ஒண்ணும் இல்ல. டர்போ எவ்வளவு காத்து தள்ளணும்னு வண்டியோட கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணுது. பழைய டப்பாவே தாராளம். பெரிய டர்போ வச்சு, கம்ப்யூட்டரையும் மாத்துனா இந்தக் குழாய்க்கு வேலை இருக்கு. சும்மா மாட்டுனா வெறும் சத்தம்தான்."

மச்சான் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார். "சத்தத்துக்குத்தான் மாப்ள வர்றாங்க. ஆனா சத்தம்னு சொல்லி விக்க முடியாதுல்ல."

அன்று மதியமே வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். முதல் ஓட்டம், வெயிலில் ஓடி வந்த வண்டியை அப்படியே ஏற்றி, பானட்டை மூடி, பழைய அடைபட்ட ஃபில்டரோடு. இரண்டாவது ஓட்டம், குழாயை மாட்டி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பானட்டைத் திறந்து, முன்னால் ராட்சத ஃபேனைப் போட்டு. வித்தியாசம் பதினெட்டு.

"பொய்யா ஒரு எழுத்து எழுதினோமா? மெஷின் காட்டுறதத்தான் பிரிண்ட் எடுக்கறோம்" என்றார் மச்சான், தோளில் கை போட்டபடி. அவர் மேலிருந்து எப்போதும் வீசும் கார் சென்ட் வாசனை அன்று மீட்டரின் சட்டையிலும் ஏறிக்கொண்டது.

பதினோரு மாதம் அந்த வேலையைத்தான் அவர் செய்தார். ஃபேனைத் தள்ளி வைத்ததும் அவர் கைதான்.

செங்கல் சூளையிலிருந்து லோடு அடிக்கும் அம்மா ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். புருவம் வரைக்கும் செம்மண் தூசி.

"எனக்கு சத்தமெல்லாம் வேணாம்ணே. சூளைலேருந்து மேட்டு ரோடு ஏறும்போது வண்டி திணறுது. இத மாட்டுனா இழுக்குமா? மெஷின் பாக்குற ஆளு நீங்க, உங்க வாயால சொல்லுங்க."

மீட்டர் ஏற்கெனவே டப்பாவைத் திறந்து பார்த்திருந்தார். உள்ளே பேப்பர் ஃபில்டர் செங்கல்லாகவே இறுகிக் கிடந்தது. புதுசு ஒன்று போட்டால் தீர்ந்தது. பக்கத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். மீட்டர் கையிலிருந்த, பதினெட்டு காட்டிய தாளை நீட்டினார்.

"எல்லாம் இதுல இருக்கும்மா."

மூன்று மாதம் கழித்து குழாய் மாட்டிப் போன அந்த பிக்கப்பை இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்து வந்தது. ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை, கொஞ்சமும் இழுவை இல்லை.

"ஃபில்டரக் கழுவி எண்ணெய் தடவணும்னு சொன்னோமே. நீங்க செய்யலன்னா நாங்க என்ன பண்றது?" என்றார் மச்சான்.

"வாரா வாரம் கழுவுனேன்" என்றார் அந்த அம்மா.

மீட்டர் குழாயைக் கழற்றி, ஃபில்டரைத் தாண்டி உள்ளே விரலை விட்டார். எண்ணெயும் செங்கல் தூளும் குழைந்து, சளி மாதிரி விரலோடு வந்தது. டர்போவைத் திறந்தால், இறக்கைகளின் ஓரமெல்லாம் எலி கரண்டிய மாதிரி தேய்ந்திருந்தன.

"இவங்க மேல தப்பு இல்ல" என்றார். "இந்த ஃபில்டர் தூசிய உள்ள விட்டிருக்கு. சூளை வண்டிக்கு இத மாட்டியிருக்கவே கூடாது."

"மாப்ள, உள்ள வா, பேசிக்கலாம்."

"இங்கயே பேசலாம் மச்சான்."

குழாய் மாட்டக் காத்திருந்த மூன்று பேரைப் பார்த்து, சூடு, பானட், ஃபேன் என்று வித்தையை ஒன்றுவிடாமல் சொன்னார். பதினெட்டு இல்லை, இரண்டுதான் என்றார். மூவரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஓரத்தில் இருந்தவர் கேட்டார்.

"அது சரி சார். சத்தம் வரும்ல?"

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். மீட்டர் நேரே பின்கட்டுக்குப் போனார். கழற்றிய டப்பாக்களை மச்சான் அங்கே குவித்து வைத்து, பழைய சாமான் என்று அவ்வப்போது வெளியே விற்றுவந்தார். அந்த மாடலுக்குப் பொருந்தும் டப்பா ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு, அந்த அம்மாவின் வண்டியோடேயே கிளம்பிவிட்டார்.

உடைத்த வண்டிகள் விற்கும் இடத்தில் தேடி நல்ல டர்போ ஒன்று பிடித்தார். சூளை வாசலில் இரண்டு நாள் படுத்துப் புரண்டு வேலை செய்தார்.

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"தெரியும்மா."

மீட்டர் முடுக்கிய ஒவ்வொரு கிளாம்பையும் அந்த அம்மா தானே ஸ்க்ரூடிரைவர் எடுத்து மறுபடி முடுக்கிப் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட நாலு திட்டு வாங்கியிருக்கலாம் என்று மீட்டருக்குத் தோன்றியது. பழைய டப்பா, புது பேப்பர் ஃபில்டர், முழு லோடு. வண்டி மேட்டில் சீறாமல் சிணுங்காமல் ஏறிப் போனது.

பிறகு மீட்டர் ஒரு பஸ் டிப்போவில் சேர்ந்தார்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. கோவமே இல்லையாம், திரும்பச் சேத்துக்கறாராம்" என்றாள் மனைவி.

"அவருக்குக் கோவம் இல்லைங்கறதுதான்டி எனக்கு அருவருப்பா இருக்கு" என்றார் மீட்டர்.

அவள் அண்ணன்தானே, அவள் முகம் சுருங்கிப்போனது. கடையில் மெஷினுக்கு வேறொரு ஆள் வந்துவிட்டதாக அடுத்த வாரம் அவளே சொன்னாள்.